பாலைவனத்துக்குப் போட்ட லீவு

அன்புள்ள அய்யாவுக்கு,

நாகஜோதி வணக்கத்தோட எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்களுக்குக் கண்ணு எப்படி இருக்கு? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன். உங்க கண் ஆபரேஷனுக்கு வர லீவு இல்லைன்னு சொன்னது பொய். ஒரு வாரம் கிடைச்சது. அதை இங்கன பாலைவனத்துல நடக்கிற ஒரு கலைத் திருவிழாவுக்குப் போட்டுட்டேன். அங்க கடை கண்ணி கிடையாது. போறவங்களே கூடாரம் அடிச்சு, சிலை செஞ்சு, சமைச்சு எல்லாருக்கும் கொடுக்கணும். நாப்பது பேருக்குச் சாம்பார் என் பொறுப்பு. அமெரிக்கா வந்த மூணு வருசத்துல என்னையும் ஒருத்தியா நினைச்சுக் கூப்பிட்டது இதான் முதல் தடவை.

ஞாயித்துக்கிழமை வீடியோவுல கையெல்லாம் பெயிண்டோட நின்னேன்ல? "என்ன வேலை ஆத்தா இது?"ன்னு கேட்டீங்க. திருவிழாச் சிலைக்குப் பெயிண்ட் அடிச்சதை ஆபிஸ் வேலைன்னேன். "வேலையப் பாரு, கண்ணு எங்க ஓடிப் போகுது"ன்னு சிரிச்சீங்க. அதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல.

ஆனாலும் போறேன் அய்யா. நீங்க மதுரை ஆஸ்பத்திரிக்குத் தனியா பஸ் ஏறாதீங்க, பக்கத்து வீட்டுச் சேதுலட்சுமி அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. நாப்பது பேருக்குப் பருப்பு எவ்வளவு போடணும்னு அம்மாவைச் சொல்லச் சொல்லுங்க.

அம்மா இதை வாசிச்சுக் காட்டினதும் போன் பண்ணி என்னை நல்லா ஏசுங்க. "சரி ஆத்தா"ன்னு மட்டும் சொல்லிராதீங்க.

உங்க மக,
நாகஜோதி