மண்ணெண்ணெயில் ஊறிய டார்க் ரென்ச்

30 செப்டம்பர் 2025
நாளை ஆயுத பூஜை. லகாட்டுல என் மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருக்கும் சாமான் அத்தனையும் மண்ணெண்ணெய் வாளியில் ஊறுது. டார்க் ரென்ச்சையும் போட்டேன். ஈப்போவில் நாலு கடை ஏறி இறங்கி, பெருசு வேணாம், மோட்டாருக்குச் சின்னதே சரின்னு தேடி வாங்கியது. போல்ட்டு குறிச்ச அளவு இறுகினதும் ‘டக்’குன்னு சத்தம் கொடுக்கும். அதை மட்டும் அழுக்கோடு சாமி முன்னால் வைக்க மனசு வருமா?

3 அக்டோபர்
குங்குமப் பொட்டோடவே வேலை ஆரம்பம். முதல் வண்டி தங்கச்சி துளசியின் வீட்டுக்காரர் தர்மா மச்சானுடையது. முன் பிரேக்கைக் கழற்றி மாட்டினேன். போல்ட்டை இறுக்கும்போது ‘டக்’ வரவே நேரமானது. கை ‘போதும்டா’ என்றது. சத்தம் வரட்டும் என்று இன்னும் அழுத்தினேன். வந்தது.

18 நவம்பர்
மச்சான் கோப்பெங் ரோட்டில், பழைய தோட்டத்து வளைவுல விழுந்துட்டாரு. வலது கால் ரெண்டு இடத்துல முறிவு. ஐயோ.

19 நவம்பர்
ஆஸ்பத்திரியில் துளசி அவரைத்தான் திட்டினாள். “பறக்காத பறக்காதன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன், அண்ணே! கேட்டாதானே லா!” அவள் தண்ணி வாங்கப் போனதும் மச்சான் மெல்லச் சொன்னார்: “பிரேக் பிடிக்கல, மச்சான்.”

21 நவம்பர்
வண்டியைப் பார்த்தேன். பிரேக் போல்ட் ஒன்றைக் காணோம். துளையில் மரை கிழிஞ்சு கிடக்கு. அளவுக்கு மீறி இறுக்கினால்தான் இப்படி ஆகும். இறுக்கினது யாரு? நான்தானே.

24 நவம்பர்
ஈப்போவில் ரென்ச்சைச் சோதிக்கக் கொடுத்தேன். கடைக்காரச் சீனர் முப்பதில் வைத்தார். சோதிக்கிற மெஷின்ல நாற்பத்தேழு தாண்டித்தான் ‘டக்’. “கழுவினியா?” என்று மலாயில் கேட்டார். உள்ளே கிரீஸ் எல்லாம் போச்சாம். காய்ஞ்ச துணியால் துடைக்கிறதோடு சரியாம். பூஜைன்னு சொல்ல வாய் வரல.

27 நவம்பர்
யாருக்கும் தெரியாது. சொல்லணுமா? ஊர் பூரா மச்சான் வேகமா போனாருன்னுதான் பேச்சு. அவர் வேலை செய்யிற இடத்துலயும் அதேதான். நான் வாயை மூடிக்கிட்டா அவர் பேர்தான் கெடும். பெத்த பிள்ளைங்களே ‘அப்பா ரேஸ் ஓட்டினாரு’ன்னு சொல்லுதுங்க.

28 நவம்பர்
ரென்ச்சை மண்ணெண்ணெயில் கழுவினதுவரை ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். மச்சான் மேலே சுத்துற காத்தாடியையே பார்த்துக்கிட்டிருந்தார். துளசி சோத்துப் பாத்திரத்தை மூடினாள். “போ” என்றாள்.

15 ஜனவரி 2026
துளசி வீட்டுப் பொங்கல் இந்த வருஷம் வரல.

8 மார்ச்
துளசி மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அவருதான் இங்க கொண்டு வரச் சொன்னாரு.” மச்சானுக்கு இன்னும் ஊன்றுகோல்தான்.

முன்பக்கம் பூரா புதுசு போட்டேன். புது ரென்ச்சை எடுத்ததும் கையை நீட்டி வாங்கி மோந்து பார்த்தாள்.

“கழுவுனதா?”

“இல்ல. துடைச்சதுதான்.”

ரெண்டு போல்ட்டும் ‘டக்’ என்னும்வரை பக்கத்திலேயே நின்றாள். ரென்ச்சை ஆகக் குறைஞ்ச அளவுவரை தளர்த்தி, துடைத்துப் பெட்டியில் வைத்தேன். மோட்டாரை உதைத்துக் கிளப்பினாள். முன் பிரேக்கை ரெண்டு தடவை பிடித்துப் பார்த்தாள்.

“வாரேன்” என்றாள். அண்ணேன்னு கூப்பிடல.