மல்லாந்து கிடந்த நேரம்

1964 மார்ச் 9, திங்கள்

விடிய வலையைக் காயப் போட்டுவிட்டு ஊர்காவற்றுறை இறங்குதுறையடியில் நீந்தினேன். காற்றில்லை. நான் கை போடும் சத்தம் எனக்கே தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

கரையில் இன்னாசித்தம்பி அண்ணை. "உயிர்த்த ஞாயிறு கிட்டுது, அதுக்கு மறுநாள் போட்டி. நீ ஆடி அசைஞ்சு போறாய். அனலைதீவு ஐயாத்துரை இப்பிடியோ நீந்துறான்?"

எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு அண்ணைதான் தலைவர். போன வருசம் காரைநகர்க் கரைக்கு நடந்த நீச்சல் போட்டியில் ஐயாத்துரை முதலாவது, நான் இரண்டாவது. அண்ணைக்கு அது இன்னும் ஆறவில்லை. எனக்கு? அன்றைக்குத் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அதுதான் ஞாபகம்.

மார்ச் 17

நான் நீந்த, அண்ணை வள்ளத்தில் துடுப்புப் போட்டுக் கூடவே வருகிறார். "எட்டிப் போடடா கையை!" கரையேறினால் மூட்டை சுமந்தவன் மாதிரி இருக்கிறது.

மார்ச் 24

வீட்டில் என் மனிசி சூசையம்மா கேட்டாள்: "முந்தி நீந்திப்போட்டு பாட்டோட வருவியள். இப்ப ஏன் ஊமையா வாறியள்?"



மார்ச் 30, திங்கள்

இன்றைக்குப் போட்டி. எழுதாமல் படுக்க ஏலாது.

ஊரே கரையில் நின்றது. நான்தான் முன்னுக்கு. நடுவில் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று நெஞ்சைத் தடவிக்கொண்டு போனது. கீழே பச்சை, அதற்குள் வெயில் கோடு கோடாக ஆடியது. எவ்வளவு நாளாய் இதைப் பார்க்கவில்லை! மல்லாந்து படுத்துவிட்டேன். வேண்டுமென்றுதான். வானம் மெல்ல நகர்ந்தது — இல்லை, நான்தான் நகர்ந்தேனோ? ஐயாத்துரை சலசலத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். மற்றவர்களும் போனார்கள். பிறகு ஆறுதலாக நீந்திக் கரை சேர்ந்தேன். கடைசி ஆள்.

"ஏனடா?" அண்ணை கேட்டது அவ்வளவுதான்.

"நல்லாயிருந்தது அண்ணை" எண்டு சொல்லிப்போட்டன். வேற என்னத்தைச் சொல்லுறது?

ஏப்ரல் 4

அண்ணை கதைக்கிறதில்லை. இருவர் வீடும் ஒரே வளவு, ஒரே கிணறு. நான் போனால் அவர் வாளியை வைத்துவிட்டுப் போகிறார். நான் ஊருக்குத் துரோகம் செய்தனானாம். செய்தனானோ?

ஏப்ரல் 11

ஐயாத்துரை வள்ளத்தில் வந்தார். பகிடி பண்ண வந்தாராக்கும் என்று நினைத்தேன்.

"நான் கடந்து போகேக்கை நீர் சிரிச்சுக்கொண்டு கிடந்தீர். போட்டியிலை வெண்ட எனக்கு அந்தச் சிரிப்பு வரேல்லை. வாரும், இறங்குவம்."

பொழுதுபடுமட்டும் நீந்தினோம்.

ஏப்ரல் 15

இன்றும் நீந்தினோம். அண்ணை கரையில் நின்றார். கத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஐயாத்துரையோடு கடலில் இறங்கினேன். கொஞ்சத் தூரம் போக, பின்னால் தண்ணீர் அடிபடும் சத்தம். அண்ணை! சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க வந்தார்.

"டேய், நில்லுங்கோடா! என்னை விட்டிட்டே போறியள்?"

நின்றோம்.