அம்மா எழுதிய ஒற்றைக்கை விதி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் நீளும், அதற்குத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது இதென்ன பழங்காலத்துப் பழக்கம் என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். நம் வீட்டில் போன் பேசினால் சமையலறையில் நிற்கும் அம்மாவுக்கும் கேட்கும், மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கும் தம்பிக்கும் கேட்கும். அவனைப் பற்றி அவளிடம் பேசமுடியவில்லை, அவளைப் பற்றி அவனிடம் பேசமுடியவில்லை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனால் தையல் மிஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன், பார்க்கிறவர்கள் யாருக்கோ அளவு குறித்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மா வேலை பார்க்கும் பயிற்சி நிலையத்தில் ஆர்க் வெல்டிங்குக்குப் புதுப் பாடத்திட்டம் எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள் என்று போன வருஷமே உன்னிடம் சொன்னேன். அதற்கு முன்னால் எப்படி என்றால், ஒரு வருஷம் பெஞ்சைத் தேய்த்தால் சான்றிதழ். வெல்டிங் ராடை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவனும் வாங்கிக்கொண்டு போனான், அப்படி ஒருவன் பற்றவைத்த கேட்தான் நம் எதிர்வீட்டில் கயிறு கட்டி நிற்கிறது. இனிமேல் எத்தனை நாள் வந்தான் என்பது கணக்கில்லை, வேலையைச் செய்து காட்டினால்தான் சான்றிதழ், இதற்குப் பேர் திறன் அடிப்படைப் பயிற்சி என்றார்கள். பட்டறைக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டுமாம், ஒவ்வொரு துண்டுக்கும் எதை எப்படிச் செய்து காட்டினால் சரி என்று எழுதவேண்டுமாம். உனக்கு வெல்டிங் தெரியாதே என்றேன். நன்றாகச் செய்கிறவரைப் பார்த்து எழுதுவதுதான் முறை என்றாள். ஸ்டூல் போட்டுக்கொண்டு வெல்டிங் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். அந்த வாத்தியாரை உனக்குத் தெரியும், நம்மிடம்தான் பேண்ட் தைப்பார், ஒட்டகச்சிவிங்கி என்று நீ சின்ன வயதில் பேர் வைத்தாயே அவர்தான். அவர் தலையைச் சொறிந்தால் அதையும் எழுதுவியா என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டே போனாள்.

உண்மையைச் சொன்னால் நல்ல பாடத்திட்டம்தான். எனக்கே பெருமையாக இருந்தது, துணி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அதில் பெயில் என்ற சொல்லே கிடையாது. ஒன்று தகுதி பெற்றார், இல்லாவிட்டால் இன்னும் தகுதி பெறவில்லை, அவ்வளவுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து செய்து காட்டலாம் என்று அம்மா எழுதியிருந்தாள், இரும்புத் தகடு யார் வீட்டுக் காசு என்று நிர்வாகம் அதை மூன்று முறை என்று வெட்டிவிட்டது. முதல் பேட்சிலேயே தம்பி சேர்ந்தான். அவனைச் சேரச் சொன்னது நானுமில்லை அம்மாவுமில்லை, அவனேதான் போய்ச் சேர்ந்தான். மூன்று வேலை விட்டு மூன்று வேலை மாறினவன், காலையில் எனக்கு முன்னால் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. கண் பட்டுவிடக் கூடாது என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

அவனுடைய கை நடுக்கம் உனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் அவன் எழுத்து கோழிக்கிறுக்கல் என்று திட்டு வாங்கியதும், டீ டம்ளரை அவன் கையில் பாதிதான் நிரப்பிக் கொடுப்போம் என்பதும் உனக்கே நினைவிருக்கும். டாக்டர் சொன்னது இப்போதும் அதேதான், வியாதி இல்லை, நரம்பு வாகு, கூடவே வரும். மாத்திரை கொடுத்தார், போட்டால் தூக்கம் வருகிறது, நெருப்பு பக்கத்தில் நின்று தூங்கமுடியுமா, விட்டுவிட்டான். ஆனால் பட்டறையில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ராடு மாட்டிய ஹோல்டரை வலது கையில் பிடித்து, இடது கையை மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்து முட்டு வைத்துக்கொள்வான். அப்படிப் பிடித்தால் கோடு போட்டதுபோல் போகிறது. ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துவந்து காட்டினான், நான் போடும் இரட்டைத் தையல்கூட அவ்வளவு சீராக இருக்காது. மற்றப் பையன்கள் அவனிடம் சந்தேகம் கேட்கிறார்கள் என்று ஒட்டகச்சிவிங்கியே சொன்னார். பாலத்துக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனி ஒன்று, சான்றிதழ் வாங்கும் அத்தனை பேரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அவனுக்குக் காலூன்ற ஓர் இடம் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன் பாப்பா.

மதிப்பிட வெளியிலிருந்து ஆள் வருவார், உள்ளூர்க்காரர்கள் தலையிடக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் தம்பி தேறிவிட்டான். தலைக்கு மேல் தகடை வைத்து அடியிலிருந்து பற்றவைக்கும் வேலை ஒன்று கடைசியில் இருக்கிறது, அதுதான் கஷ்டம். அதையும் செய்தான். தகடை வைஸ் இடுக்கியில் மாட்டி வளைத்துப் பார்த்தார்கள், ஒரு கீறல் இல்லை. ஆனாலும் இன்னும் தகுதி பெறவில்லை என்று எழுதினார்கள். ஏன் என்றால், ஹோல்டரை ஒரே கையால் பிடிக்கவேண்டும், மறு கை அதைத் தொடக் கூடாது என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. எழுதியது உன் அம்மா. இரண்டாவது முறை ஒரு கையால் முயன்றான், கோடு பாம்பாக நெளிந்தது, வளைத்ததும் வாய் பிளந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னான். பெயில்னு சொன்னாக்கூட ஒரு நாள் அழுதுட்டு வேற வழி பார்ப்பேம்மா, இன்னும் இல்லை இன்னும் இல்லைன்னா நான் என்ன செய்யறது என்றான். அம்மா, பிள்ளைக்கு ஒரு விதி ஊருக்கு ஒரு விதின்னு என்னால எழுத முடியாது என்றாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. உப்பு வேண்டும் என்றால்கூட என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் ஒட்டகச்சிவிங்கி பேண்ட் அளவு கொடுக்க வந்தார். நான் குனிந்து காலளவு எடுத்துக்கொண்டிருந்தேன், அம்மா டீ கொண்டுவந்தாள். பேச்சோடு பேச்சாக அவர் கேட்டார், ஏம்மா அந்த ஒரு கை விஷயத்தை எதுக்குப் போட்டீங்க, நம்ம எல்லாருமே ரெண்டு கையாலதானே புடிப்போம் என்றார். நீங்க ஒரு கையாலதானே சார் செஞ்சீங்க, நான் கண்ணால பார்த்தேனே என்றாள் அம்மா. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார், அப்போ என் ஹெல்மெட் பட்டை அறுந்து கிடந்துச்சும்மா, இடது கையில ஷீல்டைப் புடிச்சு மூஞ்சிக்கு நேரா வச்சிருந்தேன், இன்னொரு கை காலியில்லாமத்தான் ஒரு கையில செஞ்சேன் என்றார். எனக்கு அளவு மறந்துபோய்விட்டது. அவர் இடது கை நெருப்பை மறைக்க வேறு வேலையில் இருந்ததை இவள் வெல்டிங்கின் இலக்கணம் என்று எழுதிவிட்டாள். தலையைச் சொறிந்தால் எழுதுவாயா என்று நான் கேட்டது கேலிக்குத்தான், சத்தியமாகக் கேலிக்குத்தான். டீ வைத்த இடத்திலேயே ஆறிப்போனது. இவ எழுதினதை நீங்களாவது படிச்சுப் பார்த்திருக்கலாமே சார் என்று அவரைக் கேட்க வாய்வரை வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. பாவம், இங்கிலீஷில் நாற்பது பக்கம் கொடுத்தால் அவர் எங்கே படிப்பார், நானும்தான் எங்கே படிப்பேன்.

மறுநாளே அம்மா பாடத்திட்டக் குழுவிடம் போய், இது தப்பு, நான்தான் தப்பாக எழுதினேன், மாற்றவேண்டும் என்று சொன்னாள். தப்பென்று யாரும் மறுக்கவில்லை, அதுதான் கொடுமை. தலைவர் கேட்டாராம், இந்த விதியால இப்ப நிக்கிறது எத்தனை பேர் என்று. ஒருத்தன் என்றாள். யாரு அது என்றாராம். அவருக்குத் தெரியாதா என்ன, அவள் வாயால் சொல்லவைத்தார். அவளும் சொன்னாள். அடுத்த பேட்சிலிருந்து மாற்றிக்கொள்கிறோம், நடக்கிற பேட்சில் கைவைத்தால் அம்மா மகனுக்காக விதியை வளைத்தாள் என்று உங்கள் பேரும் கெடும், சான்றிதழின் பேரும் கெடும் என்றார்களாம். அவர்கள் சொன்னதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீயே சொல், முடிகிறதா. அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டால் நிதி வரட்டும் என்கிறார்கள். திருத்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள், ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ரெண்டு கையால செய்யலாம், என் பிள்ளை மட்டும் முடியாதுங்க என்று. உன் அம்மா அழுது நான் பார்த்தது குறைவு. நான் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கவேண்டும் என்று ஏதோ சொல்லிவைத்தேன், அதற்கும் தலையாட்டினாள்.

மூன்றாவது முறை போன வாரம் நடந்தது. பக்கத்தில் நின்ற ஒட்டகச்சிவிங்கிதான் எல்லாம் சொன்னார். தம்பி ஒரு கையால்தான் ஆரம்பித்தானாம். கொஞ்ச தூரம் போனதும் நெருப்பு ஆட ஆரம்பித்தது. ஒரு நொடி நிறுத்தினான், பிறகு இடது கையைக் கொடுத்து முட்டு வைத்து, ஆடின இடத்தையும் தேய்த்துச் சரிசெய்து, கடைசிவரைக்கும் போட்டு முடித்தான். வெளியிலிருந்து வந்தவர் தகடை வளைத்துப் பார்த்துவிட்டு, நல்ல வெல்டு தம்பி என்று தோளில் தட்டினாராம். தட்டிவிட்டு இன்னும் தகுதி பெறவில்லை என்று எழுதினாராம். நான் வீட்டில் கேட்டேன், ஒரு கையாலேயே முடிச்சிருக்கலாமேடா, கடவுள் புண்ணியத்தில தப்பிச்சிருக்குமே என்று. எப்படியும் இல்லைன்னுதான் எழுதுவாங்கப்பா, கெட்டுப்போன ஜாயிண்டைப் பார்த்துக்கிட்டு வர மனசு வரல, நல்லதாவே இருக்கட்டும்னு செஞ்சேன் என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். பஸ் தவறிப்போய்விட்டது என்பதுபோலச் சொன்னான்.

அவனுடைய பேட்ச் முழுக்கத் திங்கட்கிழமை அந்தக் கம்பெனியில் சேர்கிறது. இவனும் போகிறான், ஹெல்ப்பராக. அவனிடம் சந்தேகம் கேட்ட பையன்களுக்கு இவன் ராடு எடுத்துக்கொடுக்கவேண்டும், தகடு தூக்கவேண்டும், பற்றவைத்த இடத்தின் மேல் படியும் கரியைத் தட்டவேண்டும். போகாதே என்றேன், கடையில் என்னோடு உட்கார் என்றேன். ஊசியில நூல் கோர்க்கறதுக்குள்ள கடையை மூடிடுவீங்கப்பா என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை. நீ இங்கே இருந்தாலும் உன்னாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அதனால் தூரத்தில் இருக்கிறேனே என்று வருத்தப்படாதே. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்தால் அவர் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். இதில் எல்லோரும் நல்லவர்கள்.

வெல்டர்களுக்குக் கம்பெனியே கோட்டுக் கொடுக்கிறது, ஹெல்ப்பர்கள் சாம்பல் நிறத்தில் கெட்டிப் பருத்தியில் முழுக்கைச் சட்டை தாங்களே தைத்துக்கொண்டு வரவேண்டும், முன்னால் ஆறு பட்டன், கழுத்துவரை, இப்படித்தான் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். துணியை அம்மாவே வாங்கிவந்தாள். நேற்று வெட்டி முடித்து, காஜா எடுக்கப் பட்டன் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து, அவன் பட்டன் போடறதுக்குப் படற பாடு உங்களுக்குத் தெரியாதா, அத்தனை பேர் நடுவுல தினமும் நின்னு போடணுமா, அழுத்தினா ஒட்டிக்கிற பிரஸ் பட்டன் வைங்க என்றாள். தாளில் ஆறு பட்டன் என்று போட்டிருக்கே என்றேன். அவள் அந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்தாள், நான்காக மடித்தாள், அடுப்புக்குக் கீழே இருக்கும் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். படிக்குக் கீழே படுத்திருந்தவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய், கழுவிய பாத்திரங்களை வாங்கி வாங்கி அடுக்கினான். நான் சாக்பீஸ் குறிகளைத் தட்டி அழித்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் நூறு வயது இருக்கவேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் உங்கள் மூவருக்கும். குளிர் அதிகம் என்கிறாய், குட்டிக்குக் காதை மூடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது தம்பியிடம் சான்றிதழ் பற்றிக் கேட்காதே, ஆறுதலும் சொல்லாதே, புதுச் சட்டை போட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல். அம்மாவிடம் எதுவும் கேட்காதே, கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இரு, போதும்.

இப்படிக்கு,
மிஷினில் பிரஸ் பட்டன் வைக்கத் தெரியாமல் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா