கையைச் சுடாத கிண்ணம்

அன்புள்ள தெய்ஜிக்கு,

டோகோனாமேயில் மழை பிடித்துக்கொண்டது. உங்கள் கப்பல் சிங்கப்பூரைத் தொடும்போது இது கையில் கிடைக்கும் என்று ஏஜென்ட் அலுவலகத்தில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? இயந்திர அறை வெக்கையில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதீர்கள்.

இங்கே எதுவும் காய மாட்டேன் என்கிறது. துணி காயவில்லை, வனைந்து வைத்த கிண்ணங்கள் காயவில்லை. நான் சக்கரத்தில் உட்காருகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். இந்தக் கடிதத்தையும் எழுதி எழுதிக் கிழித்தாயிற்று. இனிக் கிழிக்க மாட்டேன்.

போன வாரம் எதிர்வீட்டு ஸுமியே அக்கா வந்திருந்தார். நல்ல தேயிலையைப் பிரித்து, தேநீர் ஊறவைத்து வடிக்கும் என் பழைய சிவப்பு மூடிக் கிண்ணத்தை எடுத்தேன். மெருகு பூசாதது, பிடியில்லாதது, கறை ஏற ஏற அழகாகிறது என்பீர்களே, அதுதான். கையால் தூக்க முடியாத சூடு இலைக்கும் ஆகாது, அதனால்தான் பிடி வைப்பதில்லை என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவள் நான். அன்று பேச்சு மும்முரத்தில் நீரை ஆறவைக்க மறந்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன். ஊறியதும் மூடியை விரலால் அழுத்திக் கிண்ணத்தைத் தூக்கி, கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் கோப்பைகளில் வடித்தேன்.

இலையின் மணம் பார்க்கக் கிண்ணத்தை வாங்கிய அக்கா, அலறிக்கொண்டு பாயில் போட்டுவிட்டார். “அடிப்பாவி, நெருப்பால்ல இருக்கு! உனக்குச் சுடலையா?”

“மண்ணு பிசையற கைதானே அக்கா, தோல் தடிச்சுப் போச்சு” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் நுனிகள் வெளுத்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. வலியே இல்லை. அப்போதுதான் பயந்தேன்.

மறுநாள் அக்காவே என்னை நகோயா மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். கழுத்தில் எலும்பு நரம்பை அழுத்துகிறதாம். “ஆபரேஷன் செஞ்சா இருக்கறதக் காப்பாத்தலாம். போனது திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாதுங்க” என்றார் மருத்துவர். தள்ளிப்போட்டால் நடையும் தடுமாறுமாம். என் கிண்ணங்களில் மூடிகள் சரியாக உட்காராததற்கு நான் இத்தனை நாளும் மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். அரிசி தெரிந்தது. ஈரமண் தெரிந்தது. உங்கள் கம்பளிச் சட்டை எது, சாக்கு எது என்று தெரியவில்லை.

போனில் பேசியபோது ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும் ‘எல்லாம் நல்லபடி’ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கூட யார் இருப்பார்கள் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். அக்கா பெயரைச் சொன்னேன். ரயிலில் திரும்பும்போது அக்கா பிடித்துக்கொண்டார்: “நான் வர மாட்டேன்னா சொன்னேன்? ஆனா மயக்கம் தெளிஞ்சு முழிக்கறப்ப என் மூஞ்சியவா பாக்கணும் உனக்கு? புருஷனுக்கு எழுதுடி.”

யோகோஹாமாவில் இறங்காமல் அப்படியே அடுத்த பயணத்துக்குப் போவதாகச் சொன்னீர்கள். நானும் சரி என்றேன். இப்போது சரியில்லை. உங்கள் கப்பல் வந்து சேரும் வாரத்துக்கே ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது என்கிறார்கள். இறங்கிவிடுங்கள்.

வரும்போது நேராக வீட்டுக்கு வாருங்கள், சவரம்கூடச் செய்ய வேண்டாம். ஆபரேஷனுக்கு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் உங்கள் முகத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இடது கையில் இன்னும் கொஞ்சம் நன்றாகவே தெரிகிறது.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
முத்சுகோ