இலை சேராத திரவத்தில் வந்த குவெர்செற்றின்

அனுப்புநர்:
இ. சுஹறா,
முன்னாள் ஆய்வு உதவியாளர்,
சாய்ந்தமருது.

பெறுநர்:
தலைவர், மேன்முறையீட்டுக் குழு,
நெய்தல்வெளி மூலிகை ஆய்வு நிலையம்,
கல்முனை.

விடயம்: நான் இத்தாவில் இருந்தபோது நடந்த ஆய்வுப் பிழைக்காக என்னைப் பணிநீக்கியமை

மதிப்புக்குரிய ஐயா,

1. முருங்கை இலைச் சாற்றிலிருந்து குவெர்செற்றின் என்னும் பிளேவனொயிட் வகைத் தாவரச் சேர்மத்தை மட்டும் பிரித்தெடுக்கும் காந்தத் துகள்களை மூன்று வருடம் முயன்று உருவாக்கியவள் நான். இரும்பு ஒட்சைட்டுத் துகளைச் சுற்றிப் பல்பகுதியம் (பொலிமர்) படரும்போது குவெர்செற்றினை உள்ளே வைத்து, பின்னர் கழுவி அகற்றினால் அதன் வடிவில் குழிகள் எஞ்சும். சாற்றில் இட்டால் குவெர்செற்றின் அக்குழிகளில் அமரும். காந்தம் பிடித்தால் துகள்கள் ஒதுங்கும். பச்சையம் திரவத்திலேயே நிற்கும். கழுவுதல் மட்டும் மூன்று நாள் வேலை.

2. 2024 நவம்பர் 6 இல் என் கணவர் இன்ஸாப் வீதி விபத்தில் மௌத்தானார். மார்க்க முறைப்படி நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தா இருந்தேன். மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த பிரிவுத் தலைவர் கலாநிதி றிஸ்மி, "சுஹறாட வேலைய ஒருத்தரும் தொடமாட்டாங்க" என்று என் வாப்பாவிடம் சொல்லிச் சென்றார்.

3. 2025 மார்ச்சில் நான் திரும்பியபோது, இத்துகள்கள் பற்றிய எங்கள் பிரிவின் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தது. என் பெயர் அதில் இல்லை. பெறுபேறுகளோ நம்பமுடியாத அளவு உயர்ந்திருந்தன. கட்டுரைக்குப் பயன்பட்ட, ஜனவரி 21 எனத் திகதியிட்ட போத்தலிலிருந்து துகள்களை எடுத்து, இலையே சேராத வெறும் மெதனோல் கரைப்பானில் இட்டேன். அதிலும் குவெர்செற்றின் வந்தது. சரியாகக் கழுவாமல், தாமே உள்ளே வைத்ததையே வெளியே எடுத்து, இலையிலிருந்து வந்ததாக எழுதியிருக்கிறார்கள். அருகில் நின்ற உதவியாளர் ஸில்மியா, "றாத்தா, இத சேரிட்ட சொல்லாதீங்க" என்றார். கலாநிதி றிஸ்மியிடம் சொன்னேன். "நாலு மாசம் வீட்ட இருந்த உங்களுக்கு என்ன விளங்கும்?" என்றார் கலாநிதி.

4. ஆகஸ்ட் மாதம் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று அதே பிழையைச் சுட்டிக்காட்டியது. கட்டுரை எழுதும்போது மறந்துபோன என் பெயர் அப்போது எல்லோருக்கும் நினைவு வந்தது. விசாரணை அறிக்கையில் அது முதலெழுத்துடன், பதவியுடன், எழுத்துப் பிழையின்றி உள்ளது: கவனயீனமாகக் கழுவியவர் நான். செப்டெம்பர் 30 இல் பணிநீக்கக் கடிதம் வந்தது.

5. ஜனவரி 21 அன்று நான் ஆய்வுகூடத்தில் இல்லை என்பதற்கு நிலையத்தின் கைவிரல் வருகைப் பதிவே சான்று. அதைப் பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஸில்மியா இப்போது கையொப்பமிட்ட வாக்குமூலம் தந்துள்ளார். அதனால் அவரது தொழிலுக்கும் ஆபத்து நேரக்கூடாது.

எனவே, அந்தப் போத்தலை முத்திரையிட்டு, தங்கள் முன்னிலையில் மீண்டும் பரிசோதிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். கட்டுரையில் என் பெயரைச் சேர்க்குமாறு கேட்கவில்லை. பொய்யான எண்களின் மேல் அது இருக்க வேண்டாம். அறிக்கையிலிருந்து அதை அகற்றித் தாருங்கள்.

உண்மையுடன்,
(ஒப்பம்) இ. சுஹறா

இடம்: சாய்ந்தமருது
திகதி: 2025.10.14

இணைப்பு: ஸில்மியாவின் வாக்குமூலம்