பீப் அடிக்காத ஜரிகை

என்னங்க,

ட்ரோன் பறக்கவிட்டுட்டுப் பசியோடு வருவீங்க. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் எனக்காக நெய்து கொண்டுவந்த பட்டுச்சேலையில் உங்கள் மல்ட்டிமீட்டரை வைத்து, "அசல் ஜரிகைன்னா வெள்ளி இருக்கும், கரண்ட் போவும், பீப் அடிக்கும். இது அடிக்கலியே மச்சான், பிளாஸ்டிக்கு" என்று சொன்னீங்க. அண்ணன் இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பேஜார். அண்ணனை நம்புவதா, மீட்டரை நம்புவதா?

இன்று உங்கள் மேஜையைத் துடைக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். அதற்கும் பீப் வரவில்லை! சிவப்பு ஒயர் உள்ளேயே அறுந்திருக்கிறது. பழைய மீட்டரின் ஒயரை மாட்டி ஜரிகையில் வைத்தேன். தெருவுக்கே கேட்டது. அப்பாடா, எனக்கு உயிர் வந்தது.

அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாப்பிட்டுவிட்டு வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டு சரண்யாவிடம் கொடுத்துவிட்டு, மீட்டரோடு ஜல்தியா அங்கே வாங்க.

பானு

பி.கு.: மத்தியானம் அங்கே கறிக்குழம்பு. அண்ணன் காதில் அந்த பீப் விழும்வரை உங்களுக்குச் சோறு கிடையாது.