கிண்ணத்தில் காய்ந்த சாயம்

மைனா,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர் பண்ணுகிறவர் வருவார். பின்கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது. உன்னை எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பினால் நேற்றைய பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடையைத் திறக்கப் போகிறேன்.

கடைக்கு விடுமுறை என்றால் உன் தலைக்குச் சாயம் பூசுவது நம் வழக்கம். நேற்றும் உன்னைக் கேட்காமலே கலக்கி எடுத்து வந்தேன். "போதுங்க, இனிமே நரைச்சது நரைச்சபடியே இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். "கிழவியைக் கூட்டிக்கிட்டு நான் வெளியே போகமாட்டேன்" என்று கத்திவிட்டேன். உன் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது.

என் மண்டையில் நரைப்பதற்கு ஒரு முடிகூட மிச்சமில்லை. அந்த லட்சணத்தில் இந்தப் பேச்சு! முடிவெட்ட வருகிறவர்களிடம் "நரை உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்று தினமும் சொல்கிற வாய்தான் இது. நீ நரைத்தால் எனக்கும் வயசாகிவிட்டது என்று பயம் வந்துவிட்டது. உனக்கு அந்தப் பயமே இல்லை.

கிண்ணத்தில் காய்ந்த சாயத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டேன். உன் முதல் நரையை மறைத்ததும் நான்தான். நரைத்த தலையோடு நீ எப்படி இருப்பாய் என்று இத்தனை வருஷமாய் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இந்தத் தாளின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கும், சாயம் பூச நீ உட்காருகிற அதே நாற்காலியில் வந்து உட்காரு. சீப்பு மட்டும் எடுத்து வருகிறேன்.